முதல் நாளே எழுதிய நன்றியுரை

பிள்ளைகளே, சேவைக் கழகக் கூட்டத்தில் அப்பா செய்த வேலை என்று ஊரில் ஒரு கதை உலாவுகிறது. நான் ஏதோ பெரிய தந்திரம் பண்ணி, ஒரு நன்றியுரையாலே எல்லாரையும் மடக்கி, கல்லூரிக்கு ஆய்வுகூடம் எடுத்துக் கொடுத்தேனாம். சின்னவன் அதைப் பள்ளிக்கூடத்தில் கேட்டுவிட்டு வந்து, உண்மையா என்று என்னைக் கேட்டான். நான் சிரித்துவிட்டு என் எஞ்சின் பட்டறைக்குப் போய்விட்டேன். பிறகு யோசித்தேன். பொய்யான கதை ஒன்றில் என்னைக் கெட்டிக்காரன் என்று நீங்கள் நம்பிக்கொண்டு வளர்வதைவிட, நடந்ததை நடந்தபடி எழுதி வைப்பது நல்லது. நான் எட்டாம் வகுப்போடு நின்றவன். எழுத்துப் பிழை இருந்தால் உங்கள் அக்காவிடம் கொடுத்துத் திருத்துங்கள். அவளைப் பற்றி எழுதியிருக்கும் இடங்களில் மட்டும் அவள் கை வைக்கக் கூடாது.

நாங்கள் இந்தியாவில் முகாமில் இருந்து திரும்பி வந்தபோது அக்கா கைக்குழந்தை. அம்மாவின் இடுப்பில் அவள், என் தோளில் எஞ்சின் கழற்றும் சாவிகள் போட்ட சாக்கு. அப்போது கல்லூரி என்று நாங்கள் சொல்லும் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் இருந்தது, கூரை இல்லாத ஒரு நீளக் கட்டடமும் இரண்டு கிடுகுக் கொட்டில்களும்தான். சோளகக் காற்று தொடங்கினால் மணல் வந்து பிள்ளைகளின் கொப்பியை மூடிவிடும். ஒரு ஆசிரியர் இரண்டு வகுப்புக்கு நடுவில் நின்று, இந்தப் பக்கம் கணக்கும் அந்தப் பக்கம் தமிழும் சொல்லிக் கொடுத்ததை நான் வேலிக்கு வெளியே நின்று பார்த்திருக்கிறேன். வருசத்துக்கு வருசம் ஒவ்வொன்றாக வந்தது. கூரை வந்தது, மதில் வந்தது, மாடிக் கட்டடம் வந்தது, உயர்தர வகுப்பில் கலைப் பிரிவும் பிறகு வர்த்தகமும் வந்தன. இப்போது தெற்கே மறிச்சுக்கட்டியில் இருந்தும் பிள்ளைகள் பஸ்ஸில் வந்து இறங்குகிறார்கள். விஞ்ஞானப் பிரிவு மட்டும் வரவில்லை. அதனால் கெட்டிக்காரப் பிள்ளைகள் சாதாரண தரப் பரீட்சை எழுதியவுடன் வேறு ஊருக்குப் போய்விடுவார்கள். போக வசதி இல்லாதவர்கள் விருப்பமில்லாத பாடத்தைப் படிப்பார்கள்.

அக்காவுக்குச் சாதாரண தரப் பெறுபேறு வந்த அன்று அம்மா கோயிலுக்குப் போய் மெழுகுதிரி கொளுத்திவிட்டு வந்தாள். விஞ்ஞானத்திலும் கணிதத்திலும் அவ்வளவு நல்ல பெறுபேறு. அடுத்த நாளே மன்னார் பட்டினத்துக்குப் போய் விசாரித்தேன். அங்கே விடுதியில் இடமில்லை. இங்கே இருந்து போய் வருவதென்றால் விடியுமுன் பஸ் ஏறி, பொழுதுபட்ட பிறகு வந்து இறங்க வேண்டும். யாழ்ப்பாணத்தில் சேர்க்கலாம் என்று அம்மாவின் சொந்தக்காரர் ஒருவர் சொன்னார். ஆனால் அவளுக்கு மூச்சு இழுப்பு வருகிற நாட்களில் பக்கத்தில் யார் இருப்பார்கள் என்று அம்மா கேட்டாள். அந்தப் பேச்சை அதோடு விட்டோம்.

அக்கா சண்டை பிடிக்கவில்லை. உயர்தர விஞ்ஞானத்துக்கான விண்ணப்பப் படிவத்தை நாலாக மடித்து அலுமாரிக்குள் வைத்துக்கொண்டே சொன்னாள்:

"பரவாயில்லையப்பா. நான் கலைப் பிரிவிலயே படிக்கிறன்."

அழுதிருந்தால்கூட நான் தாங்கியிருப்பேன். அந்தப் பரவாயில்லை பல நாள் எனக்குள் கிடந்து குத்தியது.

அந்த நேரம்தான் கல்லூரி அதிபர் ஒரு வழி கண்டுபிடித்தார். அவர் நானாட்டானில் இருந்து நாள்தோறும் ஸ்கூட்டரில் வருகிற ஒரு பெண். ஊரில் எல்லாருக்கும் அவர் ரீச்சர்தான். விஞ்ஞானப் பிரிவு தொடங்க ஆசிரியர்கள் வரத் தயாராக இருந்தார்கள், பிள்ளைகளும் இருந்தார்கள், ஆய்வுகூடம் மட்டும் இல்லை. புதுக் கட்டடம் வந்து சேர வருசங்கள் போகும். வலயக் கல்விக் கந்தோரில் இருந்து பார்வையிட வருகிறவர்கள் வரும்போது, தண்ணீர் வசதியோடு ஒரு நல்ல அறையைக் காட்டினால் அந்த வருசமே அனுமதி கிடைக்கும். காட்டாவிட்டால் கிடைக்காது. அவர்கள் அடுத்த கிழமை வருவதாக இருந்தது.

கல்லூரி மதிலுக்கு அந்தப் பக்கம் சேவைக் கழகத்தின் மண்டபம் இருக்கிறது. கண் பரிசோதனை, இரத்ததானம், மாதக் கூட்டம் எல்லாம் அங்கேதான். மண்டபத்தின் பின்பக்கம் ஒரு நீளமான அறை. கதிரைகளை அடுக்கி வைப்பதைத் தவிர அதில் வேறு வேலை நடப்பதில்லை. பக்கத்திலேயே கிணறு. மதிலில் ஒரு வாசல் வெட்டினால் அந்த அறை கல்லூரிக்குள் வந்துவிடும். அதை இரண்டு வருசத்துக்குத் தரச் சொல்லி ரீச்சர் கழகத்துக்குக் கடிதம் எழுதினார். அடுத்து வந்த ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்துக்கு அவரையே விருந்தினராகக் கூப்பிட்டார்கள்.

அந்தக் கழகத்தில் நான் எப்படிச் சேர்ந்தேன் என்பதையும் சொல்ல வேண்டும். அதிகாரிகளும் முதலாளிமாரும் இருக்கிற இடத்தில் படகு எஞ்சின் திருத்துகிறவனுக்கு என்ன வேலை என்று நானும் நினைத்தவன்தான். ஒரு இரத்ததான நாளில் கரண்ட் போய், அவர்களுடைய ஜெனரேட்டரும் நின்றுவிட்டது. நான் போய்த் திருத்திக் கொடுத்தேன். தலைவர் ஹாஜியார், இரும்புக்கடை வைத்திருப்பவர், என் கையைப் பிடித்துக்கொண்டு, இப்படி ஒரு ஆள் கழகத்துக்குள் இருக்க வேண்டும் என்றார். மறுக்கத் தெரியாமல் சேர்ந்துவிட்டேன்.

புதிதாகச் சேர்ந்தவருக்கு முதல் வேலை நன்றியுரை சொல்வது. அது அங்கே பழைய வழக்கம். நன்றியுரைதான் கூட்டத்தின் கடைசி நிகழ்ச்சி. அது முடிந்ததும் தலைவர் மேசையில் இருக்கிற வெண்கல மணியை அடிப்பார். மணி அடித்தால் கூட்டம் முடிந்தது, அதன் பிறகு யாரும் எதுவும் பேச முடியாது. அந்த ஞாயிறு என் முறை.

எனக்கு மேடைப் பேச்சுப் பழக்கமில்லை. கூட்டத்துக்கு முதல் நாளே எழுதி வைத்தால்தான் வாசிக்க முடியும். கழகச் செயலாளரிடம், வங்கியில் வேலை செய்கிற பொடியன் அவர், என்னென்ன சொல்ல வேண்டும் என்று போனில் கேட்டேன். அவர் ஒவ்வொன்றாகச் சொன்னார். கடைசியில், பின் அறையைக் கொடுப்பது ஏறக்குறைய முடிந்த விசயம், அதற்கும் ஒரு வரி சேருங்கள் என்றார். நான் சொல்லச் சொல்ல அக்கா கொப்பியில் கிழித்த ஒற்றையில் அழகாக எழுதினாள். பின் அறை வரி வந்தபோது அவள் பேனையை எடுத்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

"இது முடிவாகிட்டோ அப்பா?"

"ஓம் எண்டுதான் சொல்லுகினம்."

அவள் திரும்பக் குனிந்து எழுதினாள். மற்ற வரிகளைவிட அந்த வரியை மெதுவாக எழுதினாள் என்று எனக்குப் பட்டது.

ஞாயிறு காலைப் பூசை முடிந்து வந்து, மத்தியானம் வரை அதை வாசித்துப் பழகினேன். எஞ்சின் ஒன்றைக் கழற்றினால் நான் ஒவ்வொரு பாகத்தையும் கழற்றிய வரிசையிலேயே சாக்கில் அடுக்கி வைப்பேன். பூட்டும்போது அதே வரிசையில் பூட்டுவேன். பக்கத்தில் ஆள் கூப்பிட்டாலும் நிமிர மாட்டேன். ஒரு வாசர் வளையம் கையில் மிஞ்சினால் நடுக்கடலில் ஒருவன் துடுப்பு வலிக்க வேண்டி வரும். அந்தத் தாளையும் அப்படித்தான் பழகினேன். முதல் வரி, இரண்டாம் வரி, ஒன்றும் விடாமல், ஒன்றும் மாற்றாமல்.

கூட்டம் நாலு மணிக்குத் தொடங்கியது. ரீச்சர் கொஞ்ச நேரம்தான் பேசினார். ஒவ்வொரு வருசமும் எங்களை விட்டுப் போன பிள்ளைகள் எந்தெந்த ஊருக்குப் போனார்கள் என்று சொன்னார். கொட்டிலில் பாய் போட்டுப் படித்த காலத்தை அறிந்தவர்கள் சிலர் தலையாட்டினார்கள். நான் கடைசி வரிசையில் தாளைப் பிடித்தபடி இருந்தேன்.

பிறகு ஓவசியர் ஐயா எழும்பினார். நீர்ப்பாசனத்தில் ஓவசியராக, அதாவது வேலை மேற்பார்வையாளராக இருந்து ஓய்வு பெற்றவர், கழகத்தில் மூத்த உறுப்பினர். அவர் சொன்னதில் நியாயம் இல்லை என்று சொல்ல முடியாது. முன்பு ஒரு புயலுக்குப் பிறகு அதே அறையை ஒரு அரசாங்கக் கந்தோருக்கு மூன்று மாதத்துக்கு என்று கொடுத்தார்கள். திருப்பி எடுக்க எத்தனை வருசம் அலைந்தோம் என்று மறந்துவிட்டீர்களா என்று கேட்டார். இது அவசரமாக முடிவெடுக்கிற விசயம் இல்லை, ஒரு உபகுழு போட்டு அடுத்த மாதம் பார்ப்போம் என்றார்.

உபகுழு என்றால் என்ன என்று அங்கே இருந்த எல்லாருக்கும் தெரியும். கிணற்றுக்கு மூடி போடுவதற்கு ஒரு உபகுழு போட்டார்கள். கிணறு இன்னும் திறந்துதான் கிடந்தது. ஆனாலும் மூத்தவர் சொன்ன பிறகு யாரும் எதிர்க்கவில்லை. செயலாளர் ஒருமுறை வாய் திறந்தார், ஓவசியர் ஐயா திரும்பிப் பார்த்ததும் மூடிக்கொண்டார். அடுத்த மாதம் என்று ஹாஜியார் முடித்தார். அடுத்த மாதம் என்றால் பார்வையிட வருகிறவர்கள் வந்து போய்விடுவார்கள்.

அந்த நேரம் நான் எழும்பிப் பேசியிருக்க வேண்டும். பேசவில்லை. ஒன்று, பயம். மற்றது, அந்த அறையால் முதலில் பலன் அடையப் போவது என் மகள். புதிதாக வந்தவன் தன் வீட்டுக் காரியத்துக்காக வாதாடுகிறான் என்று நினைப்பார்களே என்ற கூச்சம். இப்படி யோசித்துக்கொண்டு, அக்காவின் மடித்த படிவத்தை நினைத்துக்கொண்டு இருந்தேன். அப்போது நன்றியுரைக்கு என் பெயரைக் கூப்பிட்டார்கள்.

போய் நின்றேன். ஒலிவாங்கி கீச்சிட்டது. யன்னலால் வந்த காற்றில் தாள் படபடத்ததால் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். பிறகு பட்டறையில் குனிந்தது போலக் குனிந்து, முதல் வரியில் தொடங்கினேன். தலைவருக்கு நன்றி. விருந்தினருக்கு நன்றி. தேத்தண்ணீர் தந்தவர்களுக்கு நன்றி. குரல் நடுங்காமல் வருகிறது என்று எனக்கே சந்தோசம். அந்தச் சந்தோசத்தில் நேரே அடுத்த வரிக்குப் போனேன். எங்கள் பிள்ளைகள் விஞ்ஞானம் படிப்பதற்காகத் தமது மண்டபத்தின் பின் அறையை மனமுவந்து தந்த கழக உறுப்பினர் ஒவ்வொருவருக்கும் பெற்றோர் சார்பில் நன்றி என்று, நிறுத்தி நிறுத்தி, கோயிலில் வாசகம் வாசிப்பது போல வாசித்து முடித்தேன்.

கைதட்டல் வரவில்லை. நிமிர்ந்து பார்த்தேன். ரீச்சர் கை கூப்பியபடி கதிரையில் இருந்து பாதி எழும்பி, எழும்புவதா இருப்பதா என்று தெரியாமல் நின்றார். செயலாளர் தன் சப்பாத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அப்போதுதான் தாளைத் திரும்பப் பார்த்தேன். என்ன வாசித்தேன் என்று விளங்கியது.

ஹாஜியாரின் கை மணியின் மேல் இருந்தது. அவர் அடித்திருந்தால் அதோடு எல்லாரும் எழும்பிப் போயிருப்பார்கள். அடிக்க முதல் உண்மையைச் சொல்ல வேண்டும் என்று பட்டது.

"எல்லாரும் மன்னிக்கோணும்," என்றேன். "இது நேற்று எழுதினது. அறை குடுக்கிறது முடிவாகிட்டுது எண்டு நினைச்சு எழுதினனான். இண்டைக்கு நீங்கள் வேற மாதிரி முடிவெடுத்ததைக் கேட்டுக்கொண்டுதான் இருந்தன். ஆனா வாசிக்கேக்க அந்த வரியை விடத் தெரியேல்ல."

யாரோ பின்னால் கனைத்துச் சிரித்தார்கள். ஓவசியர் ஐயா கையை உயர்த்தினார்.

"பொறுங்கோ ஹாஜியார், மணியை அடிக்காதேங்கோ. தம்பி, அந்தத் தாளை இங்க கொண்டு வாரும்."

கொண்டுபோய்க் கொடுத்தேன். கண்ணாடியைப் போட்டு மேலிருந்து கீழ் வரை வாசித்தார். அவ்வளவு நேரம் நான் அவர் முன்னால், வீட்டுப்பாடம் செய்யாதவன் போல நின்றேன்.

"இது உம்மட எழுத்தோ?"

"இல்லை ஐயா. மகள் எழுதித் தந்தவ."

"என்ன படிக்கிறா?"

"சாதாரண தரம் முடிச்சிட்டா. இங்க விஞ்ஞானம் வந்தா அது படிப்பா. வராட்டி கலை."

அவர் கண்ணாடியைக் கழற்றினார். "அப்ப ஏன் நான் கதைக்கேக்க நீர் வாயைத் திறக்கேல்ல?"

"என்ர பிள்ளைக்காக நானே கேக்கிறது சரியில்லை எண்டு பட்டுது, ஐயா."

"நல்ல கதை," என்றார் ஓவசியர் ஐயா. "பிள்ளை இருக்கிற ஆக்களெல்லாம் இப்பிடி வாயைப் பொத்திக்கொண்டு இருந்தா, என்னை மாதிரிப் பிள்ளை இல்லாத கிழடுகள்தான் பள்ளிக்கூடம் கட்டோணும்."

இப்போது எல்லாரும் சிரித்தார்கள். அவருக்குப் பிள்ளைகள் இல்லை என்பது ஊருக்குத் தெரியும். ஆனால் அதை அவர் வாயால் சொல்லி நான் கேட்டது அன்றுதான். சிரிப்பு அடங்கும் வரை அவர் தாளை மடியில் வைத்துத் தடவிக்கொண்டிருந்தார். பிறகு செயலாளர் பக்கம் திரும்பினார்.

"செயலாளர், சொன்ன நன்றியைத் திருப்பி எடுக்க எங்கட கழக யாப்பு விதியில இடம் இருக்கோ?"

"இல்லை ஐயா," என்றார் செயலாளர். அவ்வளவு வேகமாக அவர் எதற்கும் பதில் சொன்னதை நான் பார்த்ததில்லை.

"அப்ப ஒரு வேலை செய்வம். ரீச்சர், இரண்டு வருசம் எண்டு எழுத்தில தாங்கோ. எங்கட கதிரையளை எங்கையாவது வைக்க இடம் தாங்கோ. மாதம் ஒரு ஞாயிறு அந்த அறையையும் நாங்கள் பாவிப்பம். நீங்கள் அதை என்ன செய்து வச்சிருக்கிறியள் எண்டு பாக்கோணும். இதுக்கு ஓமெண்டா நானே முன்மொழியிறன்."

ரீச்சர் ஓம் என்று சொன்னாரா, தலையை மட்டும் ஆட்டினாரா என்று எனக்கு நினைவில்லை. அவர் கண் கலங்கியிருந்தது. இன்னொரு உறுப்பினரான மருந்துக்கடைக்காரர் வழிமொழிந்தார். கை உயர்த்தச் சொன்னார்கள். எல்லாருடைய கையும் மேலே போனது. நான் இன்னும் நடந்ததை நம்பாமல் நடுவில் நின்றுகொண்டிருந்தேன்.

"மெக்கானிக் தம்பி, கையை உயர்த்துங்க," என்றார் ஹாஜியார். "இல்லாட்டி நன்றி சொன்ன ஆளே எதிர்த்ததாக் குறிப்பில எழுத வேண்டி வரும்."

உயர்த்தினேன். நகத்துக்குள் எஞ்சின் எண்ணெய்க் கறுப்பு அப்படியே இருந்தது. எப்போதும் அந்தக் கூட்டத்தில் கையை மடிக்குள் மறைத்து வைத்திருப்பவன் நான். அன்று எவ்வளவு நேரம் உயர்த்திக்கொண்டு நின்றேனோ, போதும் இறக்கும் என்று பக்கத்தில் இருந்தவர் சொல்ல வேண்டியிருந்தது.

"அல்ஹம்துலில்லாஹ்," என்றார் ஹாஜியார். இன்னொரு நன்றியுரை வேண்டுமா என்று செயலாளர் கேட்டார். அது ஏற்கெனவே நடந்துவிட்டது, பேசாமல் மணியை அடியுங்கள் என்று ஓவசியர் ஐயா சொன்னார். ஹாஜியார் அடித்தார்.

நடந்தது இவ்வளவுதான். இதில் என் தந்திரம் எங்கே இருக்கிறது, சொல்லுங்கள். பேச வேண்டிய நேரம் பேசாமல் இருந்தேன், வாசிக்கக் கூடாததை வாசித்தேன். மனம் மாற வேண்டிய ஓவசியர் ஐயா மாறினார். நன்மையை எல்லாம் அவர் கணக்கில்தான் எழுத வேண்டும். அவர் என்னவோ ஊரில், எல்லாம் என் கெட்டித்தனம் என்றுதான் சொல்லித் திரிகிறார். அந்தக் கதை அவர் கட்டியதுதான் என்று எனக்குச் சந்தேகம்.

அடுத்த நாளே மதிலில் வாசல் வெட்டினார்கள். கிணற்றில் மோட்டர் வைத்து, குழாய் இழுத்து, கைகழுவும் தொட்டிகளைப் பூட்டும் வேலையை நான் எடுத்துக்கொண்டேன். ஓவசியர் ஐயா குடையோடு வந்து நின்று, கழிவுநீர்க் குழாயின் சரிவு போதாது என்று என்னை இரண்டு முறை தோண்ட வைத்தார். அவர் சொன்னது சரிதான். அந்தச் சாட்டில் கிணற்றுக்கும் மூடி போட்டாயிற்று. வலயக் கந்தோர்க்காரர்கள் வந்து ஒவ்வொரு குழாயையும் திறந்து பார்த்தார்கள். தண்ணீர் வந்தது. சில கிழமைகளில் அனுமதிக் கடிதமும் வந்தது. அக்கா அலுமாரியைத் திறந்து, மடித்த படிவத்தை எடுத்து விரித்து, மடிப்புகளை உள்ளங்கையால் தேய்த்துத் தேய்த்து நேராக்கினாள்.

இப்போது கழகம் மாதம் ஒரு ஞாயிறு அந்த அறையில்தான் கூடுகிறது. ஹாஜியார் கதிரை வேண்டாம் என்று பிள்ளைகளின் உயரமான முக்காலியில் இருக்கிறார். கால் நிலத்தில் முட்டுவதில்லை. ஓவசியர் ஐயா கூட்டம் தொடங்க முதல் தொட்டிக் குழாய்கள் எல்லாவற்றையும் ஒருமுறை இறுக்கி மூடிவிட்டு வந்து இருப்பார்.

அந்த ஞாயிறு வீட்டுக்கு வந்ததைச் சொல்ல மறந்துவிட்டேன். வாசலில் சைக்கிளை நிறுத்தினேன். அக்கா முற்றத்தில் காயப் போட்ட கருவாட்டை எடுத்துக்கொண்டிருந்தாள். அறையைப் பற்றி அவள் கேட்கவில்லை. கேட்டால் எனக்குக் கஷ்டமாக இருக்குமோ என்று நினைத்திருப்பாள்.

"சரியா வாசிச்சனீங்களோ அப்பா?" என்று மட்டும் கேட்டாள்.

"ஒரு வரியும் விடேல்ல," என்றேன்.

அவள் கையில் கருவாட்டோடு அப்படியே நின்றாள். என் முகத்தைப் பார்த்து, அறை கிடைத்துவிட்டது என்று அவளுக்கு விளங்கிவிட்டது. அம்மா உள்ளே இருந்து, என்ன இரண்டு பேரும் சத்தமில்லாமல் நிற்கிறீர்கள், காகம் கருவாட்டைக் கொண்டு போகிறது என்று கத்தினாள். காகம் கொண்டுதான் போனது. அன்று யாரும் அதைத் துரத்தவில்லை.